மஞ்சளாகிப்போன ஆறு குழிகள்

சென்னைக்குத் தெற்கே: ஒரு மருத்துவ வரலாறு – 9

சென்ற இதழ் சேத்துப்பட்டில் முடிந்தது. காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சரி, சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் சரி, குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு 1959-ல் உலகத்துக்குச் சொன்னது. மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கி, 1937-ல் அரசின் கைக்கு வந்த நம் தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு வந்தவர்கள், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாதவர்கள் என்று அதன் வார்டுகளுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சானடோரியம் என்பது முதலில் ஒரு ரயில் நிலையம். குரோம்பேட்டையைத் தாண்டி, தாம்பரத்துக்கு முந்தையது. எலக்ட்ரிக் ட்ரெயின் அங்கே நிற்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களை எண்பதுகளில்கூடப் பார்த்திருக்கிறேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய வார்டுகளிலிருந்து காசம் காற்றோடு ரயிலுக்குள் வந்துவிடும் என்ற பயம். ஊரின் மனதில் அப்படி ஓர் இடம் பிடித்திருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அடுத்த நோயும் வந்து சேர்ந்தது.

1990-களின் தொடக்கத்தில் வந்த அந்தக் காசநோயாளிகள் பழைய காசநோயாளிகளைப் போல இல்லை. பலருக்கும் இருபத்தைந்து, முப்பது வயது. நுரையீரலோடு நிற்காமல் நிணநீர்க் கட்டிகளிலும் வயிற்றிலும் மூளையின் உறையிலும் பரவிய காசம். நாக்கில் வெள்ளைப் படலம். நிற்காத பேதி. இவர்களுக்குக் காசத்தோடு எச்.ஐ.வி.யும் இருந்தது. அந்த வைரஸ், ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளணுக்களை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் உடம்பில் காசநோய்க் கிருமி சிறுவயதிலேயே புகுந்து அடங்கிக் கிடக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது நோயாக எழும்ப வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே 10 சதவீத வாய்ப்புதான் உண்டு. எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை இல்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் 5 முதல் 10 சதவீதம். இந்தியாவில் எய்ட்ஸ் பெரும்பாலும் காசநோயின் முகத்தோடுதான் வந்தது. தாம்பரத்துக்கு அது வந்து சேர்ந்த காரணமும் இதுதான்.

ஆனால் இந்தக் கதையைத் தாம்பரத்தில் தொடங்க முடியாது. அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால் போய், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வேண்டும்.

அங்கே நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். சென்னையில் தோல் வியாபாரம் செய்த மராத்தியக் குடும்பம், கைட்டோண்டே என்பது வீட்டுப் பெயர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது, ஒரே பெண். ஆண்டுதோறும் வீட்டுக்குத் தடுப்பூசி போட வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் மருத்துவத்தின் மேல் ஆசை வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீடு வீடாக வந்து அம்மை குத்திய காலம் அது. மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பால் கிண்டி கிங் நிலையத்தில்தான் தயாரானது. அந்தக் கதை இந்தத் தொடரில் தனியாக வரும்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கே சந்தித்த இதய அறுவை மருத்துவர் விக்டர் சாலமனை மணந்துகொண்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று இருவரும் பயிற்சி பெற்றுவிட்டு 1973-ல் சென்னைக்குத் திரும்பினார்கள். இங்கேதான் தன் வேலைக்குத் தேவை அதிகம் என்பது சுனிதியின் எண்ணம். நோய்க்குறியியலில் பழகிய கை, நுண்ணுயிரியலுக்கு மாறியது.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த வினோதமான நிமோனியாவில் தொடங்கியது எய்ட்ஸின் எழுத்து வரலாறு. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ல் ரத்தப் பரிசோதனை விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அதைப் பற்றிப் பேசிய பலரும், அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு, நம் குடும்ப அமைப்பு நம்மைக் காக்கும் என்றே பேசினார்கள். மும்பையில் எடுத்து புனேயில் சோதித்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் ஒன்றில்கூட அந்த வைரஸ் தென்படவில்லை. அந்தப் பேச்சுக்கு அது வலு சேர்த்தது.

அந்தச் சமயத்தில் செல்லப்பன் நிர்மலா என்ற 32 வயது மாணவி ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் என்றார் சுனிதி. இப்போது கேட்டால் சாதாரணமாகத் தெரிகிற யோசனை. அன்றைக்குச் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் கையில் எடுக்கக்கூடிய காரியமாக அது இல்லை. மும்பையைப் போலச் சென்னையில் சிவப்பு விளக்குப் பகுதி என்று ஒன்று தனியாகக் கிடையாது. 200 மாதிரிகள் வேண்டும், எங்கே போவது?

நிர்மலா ஜி.எச்.சின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே சிகிச்சைக்கு வரும் பெண்களில் ஓரிருவரிடம் பழக்கம் பிடித்து, அவர்கள் மூலம் இன்னும் சிலரை அறிந்தார். அவர்கள் பூர்த்தி செய்த படிவங்களில் முகவரி என்ற இடத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது: விஜிலென்ஸ் ஹோம். போலீஸ் பிடித்து, கோர்ட் அனுப்பிய பெண்களை வைத்திருக்கும் மயிலாப்பூர் காப்பகம் அது.

தயங்கிய நிர்மலாவை ஊக்கப்படுத்தியவர் கணவர். வேலைக்குப் போகும் முன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். மூன்று மாதத்தில் சுமார் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. கையுறை கிடையாது, வேறெந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஊசி, சிரிஞ்சு, குழாய், அவ்வளவுதான். ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் இளமஞ்சள் நீரைப் பிரித்தெடுக்கச் சுனிதி ஒரு சின்ன ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்த சீரத்தைப் பத்திரப்படுத்த வேறு வசதி இல்லாததால் நிர்மலா அதைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். உலகையே நடுங்கவைத்த ஒரு வைரஸ், காய்கறிக்கும் பாலுக்கும் பக்கத்தில், மூடி போட்ட குழாய்களில் அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

ரத்தம் எடுத்தபோது அந்தப் பெண்களிடம் எய்ட்ஸ் என்ற பேச்சே எடுக்கப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்பது நிர்மலா பிற்பாடு தந்த விளக்கம். அந்தக் காலத்து ஆய்வு முறை அப்படித்தான் இருந்தது. அதற்காக நிர்மலாவைத் தனியாகக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் இந்தியாவின் எய்ட்ஸ் வரலாற்றின் முதல் பக்கம், தன்னிடம் எதைத் தேடுகிறார்கள் என்று தெரியாமலே கையை நீட்டிய பெண்களின் ரத்தத்தில் எழுதப்பட்டது. சுனிதி சாலமனின் மீதி வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எலைசா சோதனை செய்யும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே வைரஸ் ஆய்வகத்தை நடத்திய டாக்டர் டி. ஜேக்கப் ஜானிடம் சுனிதி பேசி ஏற்பாடு செய்தார். 1986 பிப்ரவரியில் ஒருநாள் ஐஸ் பெட்டியில் குழாய்களை அடுக்கிக்கொண்டு நிர்மலாவும் கணவரும் இரவு ரயிலில் காட்பாடிக்குப் புறப்பட்டார்கள். அங்கிருந்து ஆட்டோ. ஜேக்கப் ஜான் தன் இளைய சகாக்களான ஜார்ஜ் பாபுவையும் எரிக் சிமோஸையும் உதவிக்கு விட்டார்.

எலைசா தட்டு பணியாரச் சட்டி மாதிரி இருக்கும். உள்ளங்கையளவு பிளாஸ்டிக்கில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதத்தை ஒட்டவைத்திருப்பார்கள். அதில் ஒருவரின் சீரத்தை விட்டால், அவர் உடம்பு அந்த வைரஸைச் சந்தித்து எதிர்ப்புப் பொருள் உண்டாக்கியிருந்தால் அது அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். அடுத்து, அந்த எதிர்ப்புப் பொருளின் மேல் போய் ஒட்டக்கூடிய இன்னொன்றை விடுவார்கள், அதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடி கழுவல். கடைசியாக நிறம் தரும் கரைசல். நொதி இருக்கும் குழி மஞ்சளாகும், இல்லாத குழி தண்ணீராகவே இருக்கும். பொறுமையான வேலை. இடையிடையே காத்திருக்க வேண்டும்.

காலை எட்டரைக்குத் தொடங்கினார்கள். நண்பகலில் கரண்ட் போய்விட்டது. டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது முதலில் ஆய்வகத்துக்குள் நுழைந்தவர்கள் ஜார்ஜ் பாபுவும் நிர்மலாவும். பாபு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். அதற்குள் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. எதுவும் வராது என்ற நினைப்போடு வந்தவர் அவர். சிமோஸ் வந்து பார்த்தார், மறுபடி சோதித்தார்கள், ஜேக்கப் ஜான் ஓடி வந்தார். இந்த ரத்தத்தை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிர்மலாவையும் கணவரையும் கேட்டுக்கொண்டே அனுப்பிவைத்தார்கள்.

எலைசா சில சமயம் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் புரதங்களை எடை வாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு சீரம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கேயும் முடிவு அதுதான். பிரதமருக்கும் முதல்வர் எம்.ஜி.ஆருக்கும் செய்தி போனது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது நிர்மலாவும் சுனிதியும் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள்.

நம்ப மறுத்தவர்கள் பலர். சோதனையே தவறு என்றார்கள். வெளியிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டைக் களங்கப்படுத்துகிறார் என்றும் பேச்சு எழுந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்து சென்னையிலேயே படித்த சுனிதியைத்தான் அப்படிச் சொன்னார்கள். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கண்டுபிடிப்பு அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வேலூர்க் குழுவின் பெயர்களோடும் சென்னைக் குழுவின் பெயர்களோடும் வெளிவந்தது.

ரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயதுதான் என்று சுனிதி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிகிச்சை என்று எதுவும் அன்று கிடையாது. ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்தே 1987-ல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காப்பகத்தில் சோதனை தொடர்ந்தபோது, கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990-ல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அந்த நான்கு ஆண்டுகளில் அரசுக்குத் தோன்றிய ஒரே தடுப்பு முறை பூட்டுதான். கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போய்த் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது வெளிப்பட்டு, 1989-ல் போலீஸ் பிடித்துத் தனிமையில் அடைத்த கதையும் இதே காலத்தது.

சுனிதியின் பாதை இங்கேதான் மாறுகிறது. ஒரு நுண்ணுயிரியலாளர் அந்த ஆறு குழிகளை வைத்தே ஒரு பெரிய ஆய்வு வாழ்க்கையைக் கட்டியிருக்கலாம். வைரஸின் வகைகள், பரவும் வேகம், கட்டுரைகள், மாநாடுகள். அவையும் அவரிடம் இருந்தன. ஆனால் 1988 முதல் மருத்துவக் கல்லூரியிலேயே எய்ட்ஸ் ஆதாரக் குழு ஒன்றை நடத்தி, வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார். ஒருபால் உறவுக்காரர்கள், ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள், பாலியல் தொழிலாளர்கள். இவர்களோடு வேலை வேண்டாம் என்று கணவர் விக்டர் முதலில் தடுத்தார். அவர்கள் கதையை நீங்கள் ஒருமுறை கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று பதில் சொன்னாராம். 1993-ல் அரசு வேலையை விட்டு வெளியே வந்து, தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அது தரமணியில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்கு வந்தது.

அங்கே சோதனைக்கு முன்னால் பேச்சு. எதற்காக ரத்தம் எடுக்கிறோம், முடிவு எப்படி வந்தால் என்ன பொருள், யாரிடம் சொல்லலாம் என்பதெல்லாம். முடிவு வந்த பின் மறுபடி பேச்சு. மயிலாப்பூர் காப்பகத்தில் விடுபட்டுப்போனது எதுவோ, தரமணியில் அதுதான் முதல் காரியமாக இருந்தது. இதைச் சுனிதி எங்கும் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டதாக நான் படித்ததில்லை. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

இப்படி உட்கார்ந்து கேட்டதில் ஆய்வும் கிடைத்தது. தரமணிக்கு வந்த பெண்களைப் பற்றி அவருடைய குழு 2000-ல் வெளியிட்ட கட்டுரை, அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள் என்று காட்டியது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். நம் குடும்ப அமைப்பு நம்மைக் காக்கும் என்று 1986-ல் பேசிய பேச்சுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இருக்க முடியாது. கிருமி அவர்களுக்குத் தாலியோடு வந்திருந்தது. தடுப்புப் பிரசாரம் அதுவரை குறிவைத்திருந்தது லாரி டிரைவர்களையும் பாலியல் தொழிலாளர்களையும்தான். ஒழுக்கமாக இரு என்ற அறிவுரையால் இந்தப் பெண்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்கள்.

இன்னொரு கட்டுரை நோயின் போக்கைப் பற்றியது. டாக்டர் நா. குமாரசாமி முதலியோர் 2003-ல் வெளியிட்ட அதில், எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய்களில் நுரையீரல் காசநோய்க்கு 49 சதவீதம் பங்கு. அதற்கு அடுத்து வந்த நிமோனியா வகைக்கு வெறும் 6 சதவீதம். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அந்த நிமோனியாதான் முன்னால் நிற்கும். இங்கே காசம்.

தரமணி எண்ணிப் பார்த்ததைத் தாம்பரம் வார்டு வார்டாக அனுபவித்துக்கொண்டிருந்தது. 1993 வாக்கில் சானடோரியத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் எச்.ஐ.வி. உள்ளவர்களைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை தரத் தொடங்கினார். சொல்வதற்கு ஒரு வரிதான். அன்றைய நிலையில் அது பெரிய முடிவு. எச்.ஐ.வி. என்று தெரிந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும், பிரசவத்துக்குச் சேர்க்காமல் அனுப்பிவிடுவதும், வேறு எங்காவது போங்கள் என்று சீட்டு எழுதித் தருவதும் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடில்லாமல் நடந்தது. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் தாம்பரத்துக்கு வந்தார்கள். உள்ளூரில் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் அவர்கள் இறங்கியபோது, டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. முன்பு மூக்கைப் பொத்தவைத்த அந்தப் பெயர் இப்போது அவர்களுக்கு ஒரு மறைவாகப் பயன்பட்டது.

மருந்தில்லாத அந்த ஆண்டுகளில் தெய்வநாயகம் சித்த மருத்துவத்தையும் கையிலெடுத்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்து. பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, பேதி குறைகிறது என்று அங்கே பதிவுகள் வைத்தார்கள். வைரஸை அடக்குகிறது என்பதற்கு உலகம் ஒப்புக்கொள்ளும் சான்று அதற்குக் கிடைக்கவில்லை. இதை வைத்து அவரைப் போற்றுகிறவர்களும் கண்டிக்கிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. படுக்கையில் கிடப்பவருக்குத் தர ஏதாவது வேண்டும் என்று ஒரு மருத்துவர் தேடினார், கொடுத்ததை எழுதியும் வைத்தார். அன்று பல இடங்களில் இந்த இரண்டுமே நடக்கவில்லை. சானடோரியம் நிலத்தின் ஒரு பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல் திறக்கப்பட்டது.

வைரஸையே அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) 1996-லேயே மேல்நாட்டில் வந்துவிட்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது, சாகக்கிடந்தவர் எழுந்து வேலைக்குப் போகிறார். ஆனால் ஓர் ஆண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. நம் நாட்டு அரசு இலவசமாகக் கொடுக்க இன்னும் மூன்று ஆண்டு பிடித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று, நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த எட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தாம்பரமும் அதில் ஒன்று. இந்தியாவிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளில் முன்வரிசைக்கு அது வந்தது. புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி சென்னைச் சுவரெங்கும் நின்றதும் அந்தச் சில ஆண்டுகளில்தான். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்துக்கொண்டாவது எய்ட்ஸ் என்ற பெயரை வாய்விட்டுச் சொன்னது என்பதையும் நான் கணக்கில் சேர்க்கிறேன்.

மருந்து வந்ததும் தரமணியில் புதிதாக ஒரு கோரிக்கை எழுந்தது. செத்துப்போவோம் என்று நினைத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். இருபது, முப்பது வயதுக்காரர்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு. எச்.ஐ.வி. இருப்பதை மறைத்து மணந்தால் இன்னொருவருக்குத் துரோகம், மறுத்தால் ஏன் என்று சொந்தக்காரர்கள் குடைவார்கள். சுனிதி பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கினார். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எச்.ஐ.வி. உள்ள துணை. படிப்பு, வேலை, ஊர் என்று வழக்கமான பொருத்தங்களோடு சி.டி.4 எண்ணிக்கையும் பார்க்கப்பட்டது. அவருடைய இந்த வேலையை வைத்து எடுத்த ஆவணப்படம் ‘லவ்சிக்’ 2017-ல் வந்தது. தாய்க்கு முறையாக மருந்து கொடுத்தால் குழந்தைக்குக் கிருமி போவதைப் பெரும்பாலும் தடுத்துவிட முடியும் என்பதால், அந்தத் தம்பதிகள் பிள்ளை பெற்றுக்கொள்ளவும் முடிந்தது. ஒரு நுண்ணுயிரியல் பேராசிரியரின் ஆய்வு வாழ்க்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுத முடியாது.

ஆய்வு நிற்கவில்லை. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த ஓர் உலக ஆய்வில் சென்னையும் ஒரு மையம். ஒய்.ஆர்.ஜி. கேர்தான் அந்த மையத்தை நடத்தியது. மருந்தைச் சீக்கிரமே தொடங்கிவிட்டால் துணைக்குக் கிருமி போகாதா என்பது கேள்வி. 2011 மே மாதம், முடிவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். துணையிடமிருந்து வந்ததாக உறுதியான 28 தொற்றுகளில், மருந்தை முதலிலேயே தொடங்கியவர்கள் பக்கத்தில் வந்தது ஒன்றே ஒன்று. 96 சதவீதப் பாதுகாப்பு. அந்த ஆண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்பு என்று ‘சயின்ஸ்’ இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. மருந்து சாப்பிடுகிறவர் தன் உயிரைக் காத்துக்கொள்வதோடு தன் துணையையும் காக்கிறார் என்பது இன்று உலகெங்கும் சிகிச்சையின் அடிப்படை. கிருமி உள்ளவரைப் பூட்டிவைத்துத்தான் மற்றவரைக் காக்க முடியும் என்று நினைத்த ஊரிலிருந்து அந்தச் சான்றின் ஒரு பகுதி போயிருக்கிறது.

விக்டர் சாலமன் 2006-ல் காலமானார். சுனிதி 2015 ஜூலை 28 அன்று கணையப் புற்றுநோயால் சென்னையில் இறந்தார். மகன் சுனில் எச்.ஐ.வி. பரவலை ஆராயும் மருத்துவர். 2017-ல் அரசு சுனிதிக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி ஒருவரின் ஒப்புதல் பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது, வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ அவரை ஒதுக்கக்கூடாது என்கிறது சட்டம். மருத்துவமனைகள் இதை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கின்றன என்பது வேறு கேள்வி. அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தச் சோதனைப் பட்டியலில் எச்.ஐ.வி.யும் இருக்கிறதா என்று எத்தனை பேரிடம் வாய் திறந்து சொல்கிறார்கள்? அடுத்த முறை கையை நீட்டும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நிர்மலா ஆய்வேட்டை முடித்த பிறகு கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் சேர்ந்து, தடுப்பூசித் தயாரிப்பில் வேலை பார்த்து 2010-ல் ஓய்வு பெற்றார். மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் பெயரில் அந்த நிலையம் எப்படி உருவானது, அம்மைப்பாலுக்காகக் கன்றுகளை அங்கே எப்படி வளர்த்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)